கிரிக்கெட் தேசத்துப் பாக்சிங் பெண்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாக்சிங் பார்க்கிற ஆள் என்று தெரிந்ததும் நண்பர்களும் சொந்தக்காரர்களும் கேட்பது ஏறக்குறைய இந்தக் கேள்விகளைத்தான். கல்யாணப் பந்தியில் அரைகுறையாகச் சொன்ன பதில்களை இங்கே கொஞ்சம் நிதானமாக எழுதியிருக்கிறேன்.

மேரி கோம் தெரியும். அவரை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்?

ஒரு கணக்கிலிருந்து தொடங்கலாம். 2002 முதல் 2025 வரை பெண்கள் உலக சாம்பியன்ஷிப்பில் இந்தியா வாங்கிய தங்கம் 16. அதில் 6 மேரி கோமுடையவை. மீதி 10 தங்கத்தை வாங்கியவர்கள் 9 பேர். அந்த 9 பேரில் 3 பெயரைச் சொல்லுங்கள் என்று கேட்டால், ஐ.பி.எல். மாற்று ஆட்டக்காரர் வரை ஒப்பிக்கிறவர்கள்கூட முழிக்கிறார்கள்.

நானே சொல்லிவிடுகிறேன். 2006-ல் டெல்லியில் நடந்த உலக சாம்பியன்ஷிப்பில் ஒரே தொடரில் 4 தங்கம்: மேரி கோம், மணிப்பூரின் சரிதா தேவி, மிசோரமின் ஜென்னி, பக்கத்தில் இருக்கும் கண்ணூரின் கே.சி. லேகா. 2022-ல் இஸ்தான்புல்லில் நிஜாமாபாத்தின் நிகத் ஜரீன். 2023-ல் மறுபடி டெல்லி, மறுபடி 4 தங்கம்: நீது கங்காஸ், ஸ்வீட்டி பூரா, நிகத், அஸ்ஸாமின் லவ்லினா போர்கோஹெய்ன். 2025 செப்டம்பரில் லிவர்பூலில் ஜாஸ்மின் லம்போரியா, மீனாட்சி ஹூடா.

லேகாவின் கதையில் ஒரு தேதி மட்டும் எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கும். உலக சாம்பியன் ஆனது 2006. மத்திய அரசின் தியான்சந்த் விருது கிடைத்தது 2021. நடுவில் 15 வருடம்.

ஆண்கள் எத்தனை வாங்கியிருக்கிறார்கள்?

உலக சாம்பியன்ஷிப் தங்கமா? ஒன்றுகூட இல்லை. 2019-ல் அமித் பங்கால் வாங்கிய வெள்ளிதான் இதுவரை அதிகபட்சம். ஒலிம்பிக்கில் பாக்சிங்குக்கு இந்தியா வாங்கிய பதக்கம் மொத்தம் 3: 2008-ல் விஜேந்தர் சிங், 2012-ல் மேரி கோம், டோக்கியோவில் லவ்லினா. மூன்றில் இரண்டு பெண்களுடையது. அதுவும் ஒலிம்பிக்கில் பெண்கள் பாக்சிங் நுழைந்ததே 2012-ல்தான். 2024 பாரிஸுக்குப் போன 6 பேரில் 4 பேர் பெண்கள்.

"பெண்களும் ஆடுகிறார்கள்" என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்பு வரும். இந்திய பாக்சிங்கில் அந்த "உம்" ஆண்களுக்குப் போட வேண்டியது.

அப்படியானால் எங்களுக்கு ஏன் தெரியவில்லை? கிரிக்கெட்தான் காரணமா?

தேதிகளைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். நிகத் இஸ்தான்புல்லில் தாய்லாந்தின் ஜிட்பாங் ஜுடாமஸை 5-0 என்று வீழ்த்தியது 2022 மே 19. அன்று இரவு வான்கடேவில் பெங்களூரு அணிக்குக் கோலி 73 அடித்தார். லிவர்பூலில் மீனாட்சி தங்கம் வாங்கிய 2025 செப்டம்பர் 14 அன்று துபாயில் ஆசியக் கோப்பையின் இந்தியா–பாகிஸ்தான் ஆட்டம். கை குலுக்கவில்லை என்று ஒரு வாரம் விவாதித்தோமே, அதே ஆட்டம்.

ஆனால் என்னை அதிகம் யோசிக்க வைத்தது 2023 மார்ச் 26. டெல்லி கே.டி. ஜாதவ் அரங்கில் நிகத்தும் லவ்லினாவும் அடுத்தடுத்து உலக சாம்பியன் ஆன நாள். அதே நாளில்தான் மும்பை பிரபோர்ன் மைதானத்தில் பெண்கள் ஐ.பி.எல். ஆன டபிள்யூ.பி.எல்.லின் முதல் இறுதி ஆட்டம். எதிரே நின்றதும் பெண்கள் விளையாட்டுதான். எனக்கு அன்று போனில் ஒன்று, டி.வி.யில் ஒன்று. வீட்டில் மற்றவர்களுக்கு டி.வி.யில் ஓடியது மட்டுமே நடந்தது.

அதனால்தான் "கிரிக்கெட் அமுக்குகிறது" என்ற பதில் எனக்குப் பாதிதான் சரி என்று படுகிறது. பெண்கள் கிரிக்கெட்டையும் ரொம்ப காலம் யாரும் சீண்டவில்லை. 2022-ல் ஆண்களுக்கு இணையான ஆட்டச் சம்பளம் அறிவித்தார்கள். 2023-ல் லீக் வந்தது. ஸ்மிருதி மந்தனா ஏலத்தில் 3.40 கோடிக்குப் போனார். 2025 நவம்பரில் உலகக் கோப்பையை வாங்கியபோது நாடே விழித்திருந்து பார்த்தது. தொடர்ந்து காட்டினால் மக்கள் பார்ப்பார்கள் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

பாக்சிங்கில் அந்தத் தொடர்ச்சிதான் இல்லை. ஒரு கிரிக்கெட் வீராங்கனையை வருடத்தில் பல மாதம் திரையில் பார்க்கலாம். ஒரு பாக்சரின் இறுதிப் போட்டி 3 சுற்று, சுற்றுக்கு 3 நிமிடம். ஒன்பது நிமிடத்தில் முடிந்துவிடும். டீ போட்டு எடுத்து வருவதற்குள் உலக சாம்பியன் மாறியிருப்பார். அடுத்து அவரைப் பார்க்கப் பல மாதம் ஆகும். அதற்குள் பெயர் மறந்துவிடும்.

சங்கம் என்ன செய்துகொண்டிருந்தது?

சண்டை போட்டுக்கொண்டிருந்தது, ரிங்குக்கு வெளியே. 2012 கடைசியில், நிர்வாகிகள் தேர்தலில் குளறுபடி என்று சொல்லி இந்திய சங்கத்தைச் சர்வதேச அமைப்பு இடைநீக்கம் செய்தது. மேரி கோம் லண்டனில் பதக்கம் வாங்கி நாலு மாதம்தான் ஆகியிருந்தது. பிறகு இன்னொரு சங்கம் வந்தது, அதுவும் நிற்கவில்லை, தற்காலிகக் குழு வந்தது. இப்போதைய கூட்டமைப்பு உருவானது 2016-ல். நடுவில் சில சர்வதேசப் போட்டிகளில் நம் ஆட்கள் மூவர்ணக் கொடி இல்லாமல் ரிங்கில் ஏறினார்கள். 2016 ரியோ ஒலிம்பிக்குக்கு இந்தியாவிலிருந்து ஒரு பெண் பாக்சர்கூடத் தகுதி பெறவில்லை. இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மேரி கோம் ஏற்றிவிட்ட சூடு ஆறிப்போன நாலு வருடம் அது.

இந்தப் பழியில் கிரிக்கெட்டுக்குப் பங்கே கிடையாது.

உலக சாம்பியன் ஆனவர்கள்கூட ஒலிம்பிக்குக்குப் போகாதது ஏன்?

எடைப் பிரிவுதான் காரணம். உலக சாம்பியன்ஷிப்பில் பெண்களுக்கு நிறைய பிரிவு உண்டு. ஒலிம்பிக்கில் லண்டனில் 3, டோக்கியோவில் 5, பாரிஸில் 6. ஆண்களுக்கு லண்டனில் 10 இருந்தது.

மேரி கோமையே எடுத்துக்கொள்ளுங்கள். அவருடைய முதல் 4 உலகத் தங்கமும் 45, 46 கிலோ பிரிவுகளில் வந்தவை. ஐந்தாவது 48-ல். லண்டனில் பெண்களுக்கு இருந்த மிகக் குறைந்த பிரிவு 51 கிலோ. இரட்டைக் குழந்தைகளுக்குத் தாய், வயது முப்பதை நெருங்குகிறது, உடம்பைத் தன்னைவிடப் பெரியவர்கள் நிற்கும் பிரிவுக்கு ஏற்றிக்கொண்டு போனார். அரையிறுதியில் இங்கிலாந்தின் நிக்கோலா ஆடம்ஸிடம் 6-11 என்று தோற்று வெண்கலம். "வெண்கலம்தானே" என்கிறவர்களிடம் இந்த எடைக் கணக்கைச் சொல்லிப் பார்ப்பேன்.

2023-லும் அதே கதை. நீது ஜெயித்தது 48 கிலோவில், ஸ்வீட்டி 81-ல். பாரிஸில் பெண்கள் பிரிவு 50-ல் தொடங்கி 75-ல் முடிந்தது. இருவருக்கும் அவர்கள் சாம்பியனான எடையில் இடமே கிடையாது.

நிகத்துக்கும் மேரி கோமுக்கும் சண்டையாமே?

இந்த ஒரு விஷயம் மட்டும் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. கவனித்தீர்களா?

நடந்தது இதுதான். 2019-ல் டோக்கியோ தகுதிச் சுற்றுக்கு 51 கிலோ பிரிவில் ஒரே இடம். தேர்வுப் போட்டி வைக்காமல் மேரி கோமையே அனுப்பலாம் என்று பேச்சு வந்தது. நிகத் தேர்வு வைக்கச் சொல்லி அப்போதைய விளையாட்டு அமைச்சருக்குப் பகிரங்கமாகக் கடிதம் எழுதினார். டிசம்பரில் டெல்லியில் போட்டி நடந்தது. மேரி கோம் 9-1 என்று ஜெயித்தார். முடிந்ததும் கை குலுக்கவில்லை.

மூத்தவரிடம் இப்படியா என்று நிகத்தைத் திட்டியவர்கள் உண்டு. என் கணக்கில் அவர் கேட்டது நியாயம். தோற்றார், அதுவும் சரி. இரண்டரை வருடம் கழித்து உலக சாம்பியனாகத் திரும்பி வந்தார். ஒரு நாட்டில் ஒரே எடையில் இரண்டு பேர் இப்படி இருந்தது பெருமைப்பட வேண்டிய விஷயம். நாம் அதைக் குழாயடிச் சண்டையாக்கினோம்.

வீட்டில் எப்படி விடுகிறார்கள்? மூக்கு உடைந்தால் கல்யாணம்?

நிகத்தின் அம்மாவும் இதையேதான் கேட்டார். சின்ன வயதில் ஒரு பையனோடு மோதிப் பழகிவிட்டு மூக்கில் ரத்தமும் வீங்கிய கண்ணுமாக வீட்டுக்கு வந்த மகளைப் பார்த்து அழுதார். பெயர் வந்தால் மாப்பிள்ளைகள் வரிசையில் நிற்பார்கள் என்று மகள்தான் அம்மாவைத் தேற்றினார். நிகத் முதலில் ஓட்டப்பந்தயம் ஓடிக்கொண்டிருந்தவர். மைதானத்தில் பாக்சிங்கில் மட்டும் பெண்கள் இல்லையே, ஏன் என்று அப்பாவிடம் கேட்டார். பெண்களுக்கு அவ்வளவு பலம் இல்லை என்று ஊர் நினைக்கிறது என்றார் அப்பா. அந்தப் பதிலில் பற்றிக்கொண்டதுதான்.

பிவானியின் பூஜா ராணி அப்பாவுக்குத் தெரியாமல் பயிற்சிக்குப் போனவர். நல்ல பிள்ளைகள் பாக்சிங் ஆட மாட்டார்கள் என்பது அப்பாவின் கட்சி. முகத்தில் அடிபட்டால் அது ஆறும்வரை வீட்டுப் பக்கம் வராமல் இருந்திருக்கிறார். டோக்கியோவில் காலிறுதி வரை போனவர், 2025 லிவர்பூலில் வெண்கலம் வாங்கினார்.

எதிர்ப்பக்கமும் இருக்கிறது. நீதுவின் அப்பா ஹரியானா சட்டசபையில் வேலை பார்த்தவர். மகளைப் பயிற்சிக்குக் கூட்டிப்போகச் சம்பளமில்லாத விடுப்பு எடுத்தார், அதுவும் வருடக்கணக்கில். மீனாட்சியின் அப்பா ரோத்தக் மாவட்டத்து ருர்கி கிராமத்தில் ஆட்டோ ஓட்டுபவர். இந்திய பெண்கள் பாக்சிங்குக்கு முதல் ஸ்பான்சர் யார் என்று கேட்டால் இப்படிப்பட்ட அப்பாக்களைத்தான் சொல்ல வேண்டும்.

பிழைப்புக்கு என்ன செய்கிறார்கள்?

அரசு வேலை. ரயில்வே, போலீஸ், ராணுவம், துணை ராணுவம். லவ்லினா அஸ்ஸாம் போலீஸில் டி.எஸ்.பி., நிகத் தெலங்கானா போலீஸில் டி.எஸ்.பி., ஜாஸ்மின் ராணுவத்தில், மீனாட்சி இந்தோ–திபெத் எல்லைப் படையில். பாக்சருக்குச் சம்பளம் பாக்சிங்கிலிருந்து வருவதில்லை. விளையாட்டு ஒதுக்கீட்டு வேலையிலிருந்துதான் வருகிறது.

மேல்மட்டத்தில் இருப்பவர்களுக்கு ஒலிம்பிக் பதக்கத்துக்குத் தயார்செய்யும் மத்திய அரசின் டாப்ஸ் திட்டத்தில் மாதம் 50,000 ரூபாய் கைச்செலவுக்கு உண்டு, பயிற்சிச் செலவு தனி. இளம் திறமைகளை வளர்க்கும் கேலோ இந்தியா திட்டத்தில் தேர்வான சிறுவர் சிறுமிகளுக்கு மாதம் 10,000. 2023 உலக சாம்பியன்ஷிப்பில் தங்கத்துக்கு 1 லட்சம் டாலர் பரிசு, அப்போது ஏறக்குறைய 80 லட்சம் ரூபாய். அது நல்ல தொகைதான், ஆனால் எல்லா வருடமும் வருகிற சம்பளம் இல்லை.

டோக்கியோவுக்குப் பிறகு லவ்லினாவுக்கு 25 லட்சம் பரிசு அறிவித்தவர்களில் இந்தியக் கிரிக்கெட் வாரியமும் ஒன்று. நல்ல மனதோடு செய்ததுதான், குறை சொல்லவில்லை. அந்த வருட ஐ.பி.எல். ஏலத்தில் யாரும் கேள்விப்படாத ஒரு புது ஆளின் அடிப்படை விலை 20 லட்சம். அவ்வளவுதான் சொல்ல வந்தேன்.

அப்புறம் ரோடு. லவ்லினாவின் ஊர் கோலாகாட் மாவட்டத்து பரோமுகியா. மழை பெய்தால் சேறாகும் மண் ரோடுதான் ஊருக்கு வழி. டோக்கியோவில் பதக்கம் உறுதியானதும் அவர் திரும்பி வருவதற்குள் முடிக்க வேண்டும் என்று ஜல்லி கொட்டி வேலை நடந்தது. ஊர்க்காரர்கள் எத்தனை தேர்தலுக்குக் கேட்டிருப்பார்கள்! கடைசியில் ரோடு போட்டது ஒரு பாக்சரின் கை.

சரிதா தேவி பதக்கத்தைத் திருப்பிக் கொடுத்தது சரியா?

2014 இஞ்சியோன் ஆசிய விளையாட்டு, 60 கிலோ அரையிறுதி. எதிரே தென்கொரியாவின் பார்க் ஜினா. பார்த்தவர்களில் பெரும்பாலானோர் சரிதா ஜெயித்தார் என்றார்கள். நடுவர்கள் சொந்த நாட்டுக்காரருக்குக் கொடுத்தார்கள். பரிசளிப்பு மேடையில் சரிதா அழுதுகொண்டே நின்றார். வெண்கலத்தைக் கழுத்தில் போட விடவில்லை. கையில் வாங்கினார், இறங்கிப் போய் வெள்ளி வாங்கிய பார்க்கின் கழுத்தில் மாட்டினார். பார்க் திகைத்துப்போய்த் திருப்பிக் கொடுக்கப் பார்த்தார், சரிதா வாங்கவில்லை.

பலன், ஒரு வருடத் தடை. மன்னிப்புக் கடிதமும் எழுத வேண்டி வந்தது. விதிப்படி தப்புதான். ஆனால் அவர் முன்னாள் உலக சாம்பியன், கைக்குழந்தையை வீட்டில் விட்டுவிட்டு வந்தவர். அந்த மேடையில் நிற்கும்போது விதிப்புத்தகம் ஞாபகம் வந்திருக்காது. நம்மில் பலர் சரிதா தேவி என்ற பெயரைக் கேட்டதே அன்றுதான். 2006-ல் தங்கம் வாங்கியபோது கேட்கவில்லை.

ஏன் மணிப்பூரும் ஹரியானாவும் மட்டும்? தமிழ்நாட்டில் யாருமே இல்லையா?

மணிப்பூரில் 1998 ஆசிய விளையாட்டில் டிங்கோ சிங் வாங்கிய தங்கம் ஒரு தலைமுறையையே இழுத்தது. மேரி கோமும் அப்படி வந்தவர்தான். ஹரியானாவில் பாக்சர்களுக்குப் பேர்போன பிவானி என்ற ஊரும், பதக்கம் வாங்கினால் வேலையும் பணமும் உண்டு என்ற மாநிலக் கொள்கையும். 2025-ல் வெள்ளி வாங்கிய நூபுர் ஷியோரன், பழைய ஜாம்பவான் ஹவா சிங்கின் பேத்தி. அங்கே பாக்சிங் குடும்பச் சொத்து.

நமக்கும் சொத்து உண்டு. வடசென்னையின் ரோஷமான குத்துச்சண்டை, பரம்பரைகள், துறைமுகம், வெள்ளைக்காரன் காலத்துக் கதைகள். ஆனால் அந்தக் கதைகளில் பெண்கள் இருப்பது கேலரியிலோ வாசற்படியிலோதான். இதில் வேடிக்கை என்னவென்றால், பெண்களுக்கான முதல் தேசிய பாக்சிங் போட்டி நடந்த ஊர் சென்னை, 2001 பிப்ரவரியில். மேரி கோம் அதில் 48 கிலோ தங்கம் வாங்கினார். நம் ஊர் ரிங்கில் ஏறி இறங்கிய பெண் அடுத்த வருடம் உலக சாம்பியன்.

சென்னையின் துளசி ஹெலன் அந்தக் காலத்து ஆட்டக்காரர். திறமை இருந்தும் ஓரங்கட்டப்பட்ட அவருடைய வாழ்க்கையை 2013-ல் முழுநீள ஆவணப்படமாக எடுத்தார்கள். எடுத்தது கோடம்பாக்கம் அல்ல, நார்வேயிலிருந்து வந்த இரண்டு பெண் இயக்குநர்கள்.

பாவாடை கட்டி ஆடச் சொன்னார்களாமே, நிஜமா?

நிஜம். டி.வி.யில் பார்க்கும்போது ஆணா பெண்ணா என்று தெரியவில்லையாம். 2010 வாக்கில் சர்வதேச சங்கமே முன்வைத்த யோசனை. எதிர்ப்பு கிளம்பியதும் விருப்பப்பட்டால் போடலாம் என்று விட்டுவிட்டார்கள். ஒலிம்பிக்கில் ஆண்கள் ரியோவிலிருந்து தலைக்கவசம் இல்லாமல் ஆடுகிறார்கள், பெண்களுக்கு இன்னும் உண்டு.

கிரிக்கெட் ரசிகனுக்கு ஒட்டிக்கொள்ள ஏதாவது வழி?

பிரிட்ஜ்டவுன் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? 2024 ஜூன் 29, டி20 உலகக் கோப்பை, சூர்யகுமாரின் எல்லைக்கோட்டுக் கேட்ச். அதே ஊரில்தான் 2010 செப்டம்பரில் மேரி கோம் ஐந்தாவது முறையாக உலக சாம்பியன் ஆனார். போட்டி நடந்த உள்ளரங்கத்தின் பெயர் கார்ஃபீல்ட் சோபர்ஸ் அரங்கம். கிரிக்கெட் மேதையின் பெயர் வைத்த கூரைக்குக் கீழே இந்தியா உலகப் பட்டம் வாங்கியிருக்கிறது. குவிஸ் போட்டிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

புள்ளி எப்படிப் போடுகிறார்கள் என்றே புரிவதில்லையே?

5 நடுவர்கள். ஒவ்வொரு சுற்றிலும் நன்றாக ஆடியவருக்கு 10, மற்றவருக்குப் பெரும்பாலும் 9. மூன்று சுற்றையும் கூட்டி யார் பக்கம் அதிக நடுவர்களோ அவர் ஜெயித்தார். 4-1 என்றால் நாலு நடுவர் இவர் பக்கம், ஒருவர் அந்தப் பக்கம். சுத்தமாக விழுந்த குத்துக்குத்தான் மதிப்பு, கையில் தடுத்தது கணக்கில் வராது. கண்ணை முகத்தில் வைக்காதீர்கள், கால்களில் வையுங்கள். யார் யாரைப் பின்னால் நகர்த்துகிறார் என்பதில் பாதி ஆட்டம் தெரிந்துவிடும்.

அடுத்த ஒலிம்பிக்கில் பாக்சிங்கே இருக்காது என்றார்களே?

அந்தக் கண்டம் தாண்டிவிட்டது. பழைய சர்வதேச அமைப்புக்குப் பதிலாக வந்த புது அமைப்பை ஒலிம்பிக் கமிட்டி 2025-ல் ஏற்றுக்கொண்டது. 2028 லாஸ் ஏஞ்சல்ஸில் பாக்சிங் உண்டு. ஆண்களுக்கு 7 பிரிவு, பெண்களுக்கும் 7. லண்டனின் 10-க்கு 3 என்பதிலிருந்து இங்கே வந்து சேர 16 வருடம்.

ஒரே ஒரு போட்டி பார்க்கிறேன். எதைப் பார்க்கட்டும்?

டோக்கியோ ஒலிம்பிக், 69 கிலோ காலிறுதி, லவ்லினாவுக்கு எதிரே சீன தைபேயின் சென் நியென்-சின். 2018 உலக சாம்பியன்ஷிப் அரையிறுதியில் லவ்லினாவைத் தோற்கடித்தவர், முன்னாள் உலக சாம்பியன். ஜெயித்தால் பதக்கம் உறுதி, தோற்றால் வீட்டுக்குப் போகலாம். அந்த ஆட்டத்தில் லவ்லினா உயரத்தையும் நீண்ட கையையும் வைத்துக்கொண்டு எப்படித் தள்ளி நிற்கிறார், சென் உள்ளே வரும்போதெல்லாம் எப்படி வாங்கிக் கட்டிக்கொள்கிறார் என்று பாருங்கள். முடிவு 4-1.

சாதுவான பெண் என்றுதான் அவரைச் சொல்வார்கள். நடுவர் கையைத் தூக்கியதும் ஒரு கத்து கத்துகிறார். அந்த இடத்தில் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்துக்கொள்ளுங்கள்.